வளைவு மார்க்கெட்டுக்காக நான் பேசியவை

ஜூன் 3, திங்கள்

மதியழகன் போன் செய்தார். நகராட்சியில் உதவிப் பொறியாளர். எட்டாம் வகுப்பில் என்னிடம் ஆங்கிலம் படித்தவர். இப்போதும் எழுந்து நின்று பதில் சொல்வது போலத்தான் பேசுகிறார். வளைவு மார்க்கெட்டைப் புதுப்பிக்கப் புனேயிலிருந்து ஒரு பெண் நிபுணர் வருகிறாராம். பழைய கட்டடங்களைப் பழைய முறையிலேயே பழுதுபார்ப்பவர். தமிழ் தெரியாது. வியாபாரிகளிடம் சில கூட்டங்களில் பேச வேண்டும்.

"நீங்க பக்கத்துல நின்னு தமிழ்ல சொன்னாப் போதும் டீச்சர். உங்களுக்கும் ஒரு மாறுதலா இருக்கும்."

சரி என்றேன். முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும்.

காஸ் பதிவு செய்தேன். அதற்கான எண் என் வீட்டுக்காரர் போனுக்குத்தான் வரும் என்பதால் அதை அணைக்காமல் வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டில் இவர் பேரை நீக்க, இறப்புச் சான்றிதழ் நகல் இரண்டு எடுத்தேன். பிப்ரவரி 27 என்று தேதி போட்டிருக்கிறது. நகல் எடுக்கிற பெண், "கலர்லயா, கருப்பு வெள்ளையா?" என்று கேட்டாள்.

முப்பத்தொரு வருடம் பாடக்குறிப்பு எழுதிய கை. தேதி போட்டுவிட்டால் கீழே ஏதாவது எழுதிவிடுகிறது.

ஜூன் 6, வியாழன்

முதல் கூட்டம், சமுதாயக் கூடத்தில். முந்நூறு பேர் இருக்கும். ஒரு பக்கம் நாற்காலிகளில் லைசென்ஸ் உள்ள கடைக்காரர்கள். இன்னொரு பக்கம், தரையிலேயே உட்கார்ந்து தரைக்கடைக்காரர்கள். இலை, கீரை, கருவாடு, எலுமிச்சை விற்பவர்கள், அதிகமும் பெண்கள்.

அந்த நிபுணரின் பெயர் ரோகிணி கர்வே. நாற்பது வயதுக்குள் இருக்கும். காட்டன் புடவை, ஷூ. அவர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் தமிழில் சொன்னேன். மார்க்கெட் கட்டி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. நாற்பத்திரண்டு வளைவு. தேக்கு உத்தரத்தின் மேல் செங்கல்லைக் குத்தவைத்துக் கட்டிய மேல்தளம். நடுவில் யாரோ சிமெண்டால் பூசியதால் சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரத்தை உள்ளேயே வைத்திருக்கிறது. சிமெண்டை எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்து பூச வேண்டும். பதினான்கு மாத வேலை. அதுவரை எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகைக்கு மாற வேண்டும்.

கடைசியில் அவர் சொன்னது: "இதைக் கட்டியவர்கள் வேடிக்கை பார்ப்பதற்காகக் கட்டவில்லை. நீங்கள் இங்கே உட்கார்ந்து விற்பதால்தான் இது உயிரோடு இருக்கிறது. ஆள் போன கட்டடம் பத்து வருடத்தில் விழுந்துவிடும்." கை தட்டினார்கள்.

பிறகு கேள்விகள். இலை விற்கும் முப்புடாதி என்ற அம்மா எழுந்து, வேலை முடிந்ததும் தரைக்கடைக்காரர்களைத் திரும்ப உள்ளே விடுவார்களா என்று கேட்டார். பதில் சொல்லப்பட்டது. ஆறரைக்குக் கூட்டம் முடிந்தது.

ஜூன் 7, வெள்ளி

தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

தரைக்கடைக்காரர்கள் அறுபத்து நான்கு பேரும் இடத்தைக் காலி செய்யும் சம்மதக் கடிதத்தில் கையெழுத்தும் கைநாட்டும் வைத்துவிட்டதாக மதியழகன் போனில் சொன்னார். ஒரு வருடமாக மறுத்துக்கொண்டிருந்தவர்களாம். "உங்க புண்ணியம் டீச்சர்" என்றார்.

கேட்டுக்கொண்டேன். சந்தோஷமும் இல்லை, வேறெதுவும் இல்லை.

ஜூன் 14, வெள்ளி

பெண்கள் கல்லூரியில் இரண்டாவது கூட்டம். போகும்போது ஜீப்பில் ரோகிணி, தான் மேடையில் பேசக் கற்றுக்கொண்ட விதத்தைச் சொன்னார். முதல் சில வருடங்கள் படம் காட்டிவிட்டு இறங்கிவிடுவாராம். பிறகு, யார் அந்த இடத்தை இழக்கப்போகிறார்களோ அவர்களைப் பார்த்துப் பேச வேண்டும் என்று புரிந்ததாம். "அவர்கள் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்ல முடியாது" என்றார்.

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் இன்னொருவர் சொல்வதைச் சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் எனக்கென்று எதுவும் இல்லை. மணி போவது தெரியவில்லை.

இறங்கும்போது கேட்டார்: "முதல் கூட்டத்தில் அந்த இலைக்கார அம்மாவுக்கு நான் சொன்ன பதில் நீளம். நீங்கள் சட்டென்று முடித்துவிட்டீர்களே?"

தமிழில் சுருக்கமாகச் சொல்லலாம் என்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

வாசல் கம்பியில் ஒரு கட்டு வாழை இலை செருகியிருந்தது. தலைவாழை, ஐந்து. யார் வைத்தது என்று பார்க்காமல் எடுத்து உள்ளே வைத்தேன்.

ஜூன் 23, ஞாயிறு

பகவதி வந்திருந்தாள். இவருடைய தங்கை. தென்காசியில் இருக்கிறாள். பூர்வீக வீட்டை விற்றபோது அண்ணன் தங்கைக்குள் சண்டை. பதினோரு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. காரியத்துக்கு வந்தாள், மூலையில் உட்கார்ந்திருந்தாள், போனாள். இப்போது தனியாக வந்திருக்கிறாள். ஒரு பையில் சீதாப்பழம்.

காபி குடித்துவிட்டு டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"மதினி, ஒண்ணு கேக்கட்டா? கடைசில அண்ணன் என்னப் பத்தி ஏதாவது சொன்னாவளா?"

"இல்ல பகவதி. பேசுற நெலமைல இல்ல."

தலையை ஆட்டினாள். மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். பழம் இன்னும் இரண்டு நாள் கழித்தால்தான் பழுக்கும்.

ஜூலை 1, திங்கள்

மார்க்கெட் காலி. எல்லோரும் கொட்டகைக்கு மாறிவிட்டார்கள். பாங்க் போகும் வழியில் பார்த்தேன். இத்தனை வருடம் அந்த வழியில் போயிருக்கிறேன், வளைவுகள் அவ்வளவு உயரம் என்று தெரியாது. காய்கறி மூட்டை மறைத்திருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

வேலை நடக்கும் இடத்துக்கு ரோகிணி அழைத்திருந்தார். சுவரில் சிமெண்டைப் பெயர்த்த இடத்தில் கை வைத்துப் பார்க்கச் சொன்னார். உள்ளே பழைய சுண்ணாம்புப் பூச்சு, முட்டை ஓடு போல வழவழவென்று இருந்தது. அவர் முகத்தில் பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போன மாதிரி ஒரு களை. நன்றாக இருக்கிறது என்றேன்.

தற்காலிக அலுவலகத்தில் வரைபடம் ஒட்டியிருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்கள். முப்பத்தாறு கடைகள். ஒரு சிற்றுண்டிக் கடை. தரைக்கடை இருந்த நடுக்கூடத்தில், 'உலாவும் இடம், கலை நிகழ்ச்சி மேடை.'

மதியழகனிடம் கேட்டேன். "தரைக்கடைக்காரங்க எங்க?"

"அவங்களுக்கு பைபாஸ் ரோட்டுல புது இடம் டீச்சர். லைசென்ஸ் இருக்கவங்களுக்கு மட்டும்தான் திரும்ப இங்க. போன வாரம்தான் கவுன்சில்ல முடிவாச்சு."

"ஆனா கூட்டத்துல..."

அவர் குரலைத் தாழ்த்தினார். "கூட்டத்துல ரோகிணி மேடம் சரியாத்தான் சொன்னாங்க. நீங்க தமிழ்ல சொன்னதையும் கேட்டேன். பின்னாடிதான் நின்னேன்."

"அப்புறம் ஏன் ஒண்ணும் சொல்லல?"

"அன்னைக்கு எனக்கு அது ஒத்தாசையா இருந்துச்சு டீச்சர்."

வீட்டுக்கு வந்து துணி மடித்தேன்.

ஜூலை 10, புதன்

இரண்டையும் எழுதி வைக்கிறேன்.

ரோகிணி ஆங்கிலத்தில் சொன்னது: "நீங்கள் திரும்ப வர வேண்டும் என்றுதான் நான் பரிந்துரை செய்வேன். ஆனால் முடிவு எடுப்பது நகராட்சி. அதனால் இன்றைக்கு உங்களுக்கு நான் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் அது நேர்மையில்லை."

நான் தமிழில் சொன்னது: "கண்டிப்பா உங்க இடத்துக்கே திரும்பி வரலாம்னு சொல்றாங்க. பயப்படாதீங்க."

கேட்கும்போது அந்த அம்மா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவ்வளவுதான் காரணம். யோசித்துச் சொல்லவில்லை.

ஜூலை 11, வியாழன்

யோசித்துச் சொல்லவில்லை என்று நேற்று எழுதியது சரியல்ல. இதற்கு முன்பும் அப்படிச் சொல்லியிருக்கிறேன், அதனால் வாய்க்குப் பழகியிருந்தது.

பிப்ரவரி 24. திருநெல்வேலியில் ஆஸ்பத்திரி. அந்த டாக்டர் மலையாளி, இளைஞர், நல்ல மாதிரி. கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று ஆங்கிலத்தில் சொன்னார்: ஈரல் முழுக்கப் போய்விட்டது, மூன்று நாள் தாங்கலாம், பார்க்க வேண்டியவர்களை வரச் சொல்லுங்கள். இவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கம்பம் கம்பமாக ஏறி இறங்கியவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகப் போகாது.

"என்ன சொல்லுதாரு வடிவு?"

"மருந்து கேக்குதாம். அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாமாம்."

முகம் தெளிந்துவிட்டது. "அப்ப வீட்டுக்குப் போனதும் மொத வேல, தென்காசிக்கு ஒரு நட போய்ட்டு வரணும். பகவதியப் பாக்கணும். எவ்வளவு நாளுக்கு முறைச்சுக்கிட்டே கெடக்க?"

போகலாம் என்றேன்.

27-ஆம் தேதி காலையில் முடிந்தது.

ஜூலை 22, திங்கள்

மூக்குக் கண்ணாடியின் ஒரு கால் கழன்றுவிட்டது. நூல் கட்டி வைத்திருக்கிறேன். குடும்ப ஓய்வூதிய விண்ணப்பத்தில் மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போனதால் திருப்பி அனுப்பியிருந்தார்கள். போட்டு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

கொட்டகைக்குப் போனேன். சொல்லிவிடலாம் என்றுதான் போனேன்.

பதினொரு மணிக்கே தகரம் கொதித்தது. முப்புடாதி ஈரச் சாக்கைப் போட்டு மூடியிருந்தும் இலை ஓரமெல்லாம் சுருண்டு பழுத்திருந்தது. அறுபது வயது இருக்கும். என்னைக் கண்டதும் சாக்கை விரித்து, "இருங்க டீச்சரம்மா" என்றார். பக்கத்தில் கருவாடு விற்கும் பெண்ணிடம், "இவியதான் அன்னைக்கி நமக்காவ எடுத்துச் சொன்னாவ" என்றார்.

"வியாபாரம் எப்படி இருக்கு அக்கா?"

"எங்கன வியாவாரம்? பஸ் புடிக்க வாரவன் எலையா வாங்குவான்? பாதி மாட்டுக்குத்தான் போவுது. பரவால்ல. ஒரு வருசந்தான? நம்ம எடத்துக்குப் போயிட்டா சரியாப் போவும். நீங்க வாக்குக் குடுத்திருக்கிய, அத வச்சுத்தான் எம்மவகிட்டயே சண்டை போட்டேன். அவ திருப்பூருக்கு வந்துருன்னு கூப்புட்டா. வேல முடியட்டும்னுட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். "ரெண்டு இலை குடுங்க" என்று வந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

ரோகிணியிடம் சொல்லிவிட்டேன். அவர் தங்கியிருக்கும் விருந்தினர் மாளிகை வராந்தாவில். ஆங்கிலத்தில் சொல்வது சுலபமாக இருந்தது. யாருடைய குற்றத்தையோ சொல்வது மாதிரி இருந்தது.

அவர் கேட்டு முடித்துவிட்டு, "நான் சொல்லாததை என் பேரில் சொல்லியிருக்கிறீர்கள்" என்றார். "அறுபத்து நான்கு பேர் அதை நம்பித்தான் கைநாட்டு வைத்தார்களா?"

"ஆமாம்."

"எனக்கு அந்த வரைபடமே பிடிக்கவில்லை. போராடிப் பார்த்தேன். சம்மதக் கடிதம் வந்துவிட்டதே, அவர்களுக்கே ஆட்சேபம் இல்லையே என்றுதான் விட்டுவிட்டேன்."

எழுந்து உள்ளே போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் திரும்ப வெளியே வந்து, "செப்டம்பர் 12 அன்று பொதுக்கூட்டம் இருக்கிறது. அங்கே நீங்கள் திருத்த வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் நான் வேறு மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சொல்வேன்" என்றார்.

சரி என்றேன்.

ஆகஸ்ட் 28, புதன்

மதியழகன் வீட்டுக்கே வந்தார். ரோகிணி அவரிடம் சொல்லியிருக்கிறார்.

"டீச்சர், உங்களக் கையெடுத்துக் கும்பிடுறேன். மேல்தளத்துல ஒம்பது கட்டு, ஒம்பது வளைவு அகலத்துக்கு, பிரிச்சுப் போட்டிருக்கோம். மழைக்கு முன்னாடி மூடியாகணும். இப்ப நீங்க இதச் சொன்னீங்கன்னா அத்தன பேரும் உள்ள போய் உக்காந்துருவாங்க. வேல நின்னுரும். தண்ணி எறங்குச்சுன்னா வளைவு நிக்காது. நூறு வருசக் கட்டடம். பரவாயில்லையா?"

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

"மார்கழிக்கு அப்புறம் சொல்லுங்க. அப்ப நானே கூட நிக்கிறேன்."

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். வாசலில் செருப்பை மாட்டும்போது, "எட்டாப்புல நீங்க சொல்லிக் குடுத்ததுதான் டீச்சர் எனக்கு இங்கிலீஷ்" என்றார். ஏன் அதைச் சொன்னார் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

அதே சமுதாயக் கூடம். நகராட்சி ஆணையர் வந்திருந்தார். வரைபடத்தைப் பெரிதாகத் திரையில் காட்டினார்கள். ரோகிணி பேசினார், நான் தமிழில் சொன்னேன். குரல் எப்போதும் போலத்தான் இருந்தது. சுவர், சுண்ணாம்பு, ஒன்பது கட்டு மேல்தளம், மழை.

பேச்சு முடிந்ததும் அவர் மைக்கை என்னிடம் தந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

"இனிமே நான் பேசப்போறது என்னோடது" என்று ஆரம்பித்தேன். "ஜூன் மாசக் கூட்டத்துல, தரைக்கடைக்காரங்க திரும்ப உள்ள வரலாமான்னு முப்புடாதி அக்கா கேட்டாங்க. கண்டிப்பா வரலாம்னு நான் சொன்னேன். இந்த அம்மா அப்படிச் சொல்லல. முடிவு நகராட்சியோடது, நான் வாக்குக் குடுக்க முடியாதுன்னுதான் சொன்னாங்க. நானா மாத்திச் சொல்லிட்டேன். இந்தப் படத்துல உங்களுக்கு இடம் இல்ல. பைபாஸ்ல குடுக்கிறதா முடிவு பண்ணிருக்காங்க."

கூச்சல் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. ஆணையர் மதியழகனைப் பார்த்தார். மதியழகன் காலடியைப் பார்த்தார்.

முப்புடாதி எழுந்தார். "என்னத்துக்கு டீச்சரம்மா அப்படிச் சொன்னிய?"

"நீங்க பயந்து நின்னீங்க. அதப் பாக்க முடியல."

"நீங்க பாக்க மாட்டாம சொன்னதுக்கு நான் கைநாட்டு வச்சேன்." குரல் உயரவே இல்லை. "வாக்குக் குடுக்க மாட்டேன்னு சொல்லிருந்தா நான் அன்னைக்கே முடியாதுன்னுருப்பேன். எனக்கு பயம்னா அது என் பயம். அத நீங்க எதுக்கு எடுத்திய?"

மைக்கைக் கீழே வைக்கப் போனேன்.

"அத வைக்காதிய" என்றார். "எனக்கு இன்னும் கேள்வி இருக்கு. இந்தம்மாவுக்கு தமிழு தெரியாது, எனக்கு இங்கிலீசு தெரியாது. நீங்கதான் சொல்லணும். ஆனா ஒரு எழுத்து கூட்டக் கூடாது."

சரி என்றேன்.

"நாங்க உக்காந்து விக்கதாலதான் இந்தக் கட்டடம் உசுரோட இருக்குன்னு அன்னைக்கிச் சொன்னிய. அது இவிய சொன்னதா, நீங்க சொன்னதா?"

"அது அவங்க சொன்னது."

"அப்ப கேளுங்க. எங்களத் தூக்கி பைபாஸ்ல போட்டுட்டு, இது எப்படி உசுரோட இருக்கும்?"

கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ரோகிணி ஆணையர் பக்கம் திரும்பாமல் முப்புடாதியைப் பார்த்தே சொன்னார். நான் ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னேன்: "இருக்காது. இந்தப் படம் தப்பு. இது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சும் நான் கையெழுத்துப் போட்டேன். நடுக்கூடத்துல உங்கள வச்சுப் புதுசா வரைஞ்சு ரெண்டு வாரத்துல குடுக்கிறேன். அத நகராட்சி ஏத்துக்குமான்னு எனக்குத் தெரியாது. ஏத்துக்கலைன்னா இந்த வேலையில என் பேரு இருக்காது."

அதன் பிறகுதான் கூச்சல் வந்தது. ஆணையர் எழுந்து போய்விட்டார். யாரோ நாற்காலியைத் தள்ளினார்கள். நான் மைக்கை அணைத்து மேஜையில் வைத்துவிட்டுப் பக்கவாட்டு வாசல் வழியாக வந்தேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

மதியழகன் சொன்னது நடந்தது. காலையில் தரைக்கடைக்காரர்கள் தகர வேலியைத் தள்ளிவிட்டு உள்ளே போய்ப் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வேலை நின்றுவிட்டது. மொழிபெயர்ப்புக்கு இனி வர வேண்டாம் என்று எனக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு வரி.

செப்டம்பர் 22, ஞாயிறு

தென்காசி போய் வந்தேன்.

பகவதி பின்கட்டில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். வா என்றாள். நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். டாக்டர் சொன்னது, நான் சொன்னது, அவர் சொன்னது. 'எவ்வளவு நாளுக்கு முறைச்சுக்கிட்டே கெடக்க' என்றதையும்.

அவள் மிளகாயைத் துழாவுவதை நிறுத்தவில்லை. பிறகு நிறுத்தினாள்.

"மூணு நாளு இருந்திருக்கு மதினி."

"ஆமா."

"ஒன்றர மணி நேரம் பஸ்ஸு. ஒரு போன் போட்டிருந்தா நான் வந்திருப்பேன். அண்ணன் என்னப் பாத்து முகத்தத் திருப்பிருந்தாக்கூட நான் வந்திருப்பேன்."

"தெரியும்."

"போன தடவ நான் வந்து கேட்டப்பவும் இல்லன்னிய."

"ஆமா."

கையை முந்தானையில் துடைத்தாள். மிளகாய்க் கை, கண்ணில் பட்டிருக்க வேண்டும், கண் சிவந்துவிட்டது. "இன்னைக்கி என்னால பேச முடியாது. நீங்க கெளம்புங்க" என்றாள். வாசல் வரை வந்தாள். "போயிட்டு வாங்க" என்று சொல்லவில்லை. ஆனால் கதவைச் சாத்தாமல் நின்றாள்.

ஆலங்குளம் தாண்டும்போது அழுகை வந்தது. சத்தமாகவே வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அம்மா ஒன்றும் கேட்காமல் எனக்காக ஜன்னல் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டார்.

செப்டம்பர் 27, வெள்ளி

மூன்று நாளாக மழை. பிற்பகலில், மேல்தளம் பிரித்துக் கிடந்த கிழக்கு ஓரத்தில் ஒரு வளைவு இறங்கிவிட்டது. வியாபாரம் முடிந்து எல்லோரும் போன பிறகு. யாருக்கும் ஒன்றும் இல்லை.

போய்ப் பார்த்தேன். ரோகிணி மழையில் நனைந்துகொண்டே செங்கல்லைப் பொறுக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். வேலையாட்கள் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நானும் குனிந்து எடுத்தேன். கனமாக இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் இது நின்றிருக்கும். ஜூன் மாதம் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் நின்றிருக்கும். இரண்டும் உண்மை.

அவர் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "முழுச் செங்கல் தனியாக, உடைந்தது தனியாக."

செப்டம்பர் 28, சனி

இடுப்பு வலி. தைலம் தேய்த்தேன். கையெல்லாம் சிராய்ப்பு, எரிகிறது.

அக்டோபர் 3, வியாழன்

கவுன்சில் தீர்மானம் வந்துவிட்டது. ரோகிணியின் புதிய வரைபடத்தைப் பாதிதான் ஏற்றிருக்கிறார்கள். நடுக்கூடத்தில் காலை பத்து மணி வரை தரைக்கடைக்கு அனுமதி. ஆனால் முப்பத்தெட்டு பேருக்குத்தான். இரண்டு வருட வரிச் சீட்டு காட்டியவர்களுக்கு. மற்றவர்களுக்கு பைபாஸ். இதை ஒப்புக்கொண்டு இன்றே வெளியேறினால் நாளை முதல் வேலை ஆரம்பிக்கும்.

காலையில் கருவாடு விற்கும் பெண் வீட்டுக்கு வந்து கூப்பிட்டாள். "லிஸ்ட்டு வந்திருக்கு. எஞ்சினியர் படிக்கேன்னாரு. முப்புடாதி அக்கா வேண்டாம்னுட்டாவ. டீச்சர் வந்து படிக்கட்டும், அவிய இனிமே கூட்ட மாட்டாவன்னு சொல்லுதாவ."

போனேன். எல்லோரும் வளைவுகளுக்குக் கீழே நின்றார்கள். மதியழகன் தாளை என் கையில் கொடுத்தார். முகத்தைப் பார்க்கவில்லை. கொடுத்த பிறகு, "சத்தமாப் படிங்க டீச்சர், பின்னாடி கேக்காது" என்றார்.

படித்தேன். ஒவ்வொரு பேரும் வரும்போது ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மூச்சை விடுகிற சத்தம். இருபதாவது பேர் தாண்டியதும் எனக்குக் கண் தானாகவே கீழே ஓடிவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு பேராக, நிதானமாக, அதே சத்தத்தில் படிப்பது சிரமமாக இருந்தது. முப்பத்தெட்டு முடிந்தது. தாளை மடித்தேன்.

"எம் பேரு?" என்றார் முப்புடாதி. முன்வரிசையில்தான் நின்றார்.

"இல்ல."

"இன்னொரு தரம் பாருங்க."

பிரித்து, விரலை வைத்து மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தேன். இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பார்த்தேன்.

"இல்ல அக்கா. உங்க பேரு இல்ல."

தாளின் ஓரத்தை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அவர் அதைப் பார்த்தார்.

"சீட்ட எவ சேத்து வச்சா? அன்னன்னைக்கிக் கிழிச்சுக் குடுப்பான், இலையில ஒட்டிக்கிட்டுப் போயிரும்." பேர் வந்தவர்களில் சிலர் அவரைப் பார்க்க மாட்டாமல் நகர்ந்தார்கள். வராத இருபத்தாறு பேரும் அவரைச் சுற்றி நின்றார்கள்.

"மனுக் குடுத்தா கெடைக்குமா?" என்று என்னைக் கேட்டார்.

"தெரியாது."

"கெடைக்கும்னு தோணுதா?"

"எனக்குத் தெரியல அக்கா. கெடைக்காமலும் போகலாம்."

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் திரும்பவில்லை.

"அப்பச் செரி, எழுதுங்க" என்றார்.

ஒரு சாக்கு மூட்டை மேல் உட்கார்ந்து எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நிறுத்தி, "நான் அப்படிச் சொல்லல" என்றார். அடித்துவிட்டு அவர் சொன்னதையே எழுதினேன். வேலையை நிறுத்த மாட்டோம், இன்றைக்கே வெளியே போகிறோம், அடுத்த மழைக்கு முன்னால் மேல்தளத்தை மூடுங்கள் என்பதையும் அவர்தான் சொன்னார். "கட்டடம் விழுந்துட்டா அப்புறம் எதுக்குள்ள எடம் கேக்க?"

இருபத்தாறு பேரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்து முடிக்கும்போது மணி ஒன்று. தாளை அவரே வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

நாளை பத்து மணிக்கு ஆணையரைப் பார்க்கிறோம். நீங்கள் வந்து பேசுங்கள் என்று கருவாட்டுக்காரப் பெண் என்னைக் கேட்டாள். முப்புடாதி குறுக்கிட்டார். "அவிய வரட்டும். பேசுறது நான்."